டேங்கருக்குள் ஓடிய வேலூர் பஸ்

புதுச்சத்திரம் தாண்டி, சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் பெயிண்டராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஆயுத பூஜைக்கு மட்டும் அங்கே போய்வருவேன். இந்த வருஷம் போனபோது கவிதா என்ற பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். "அண்ணா, முன்னாடியெல்லாம் தண்ணி டேங்கருக்குள்ள எறங்கறவங்க பஸ் ஸ்டாப் பேரைச் சொல்லிக்கிட்டே வேலை பார்ப்பாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிஜம்தான் என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், இங்கே எல்லாரும் படிக்கட்டும் என்றார். ஏழாவதோடு நின்றவன், எனக்கு எழுத வராதே என்றதற்கு, பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்று விட்டுவிட்டார்.

இப்போது அங்கே டேங்கருக்குள் போகிறவரின் முகமூடிக்குக் குழாய் வழியாக வெளிக்காற்று வருகிறது. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி ஒன்று, வாயு கூடினால் கத்துகிறது. அந்தப் பெட்டியை நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தீர்வதற்கு முன்னாலேயே சத்தம் கொடுக்கும் என்றார் கவிதா. அந்தச் சத்தம் கேட்காத மாதிரி பக்கத்தில் யாராவது தகடு அடித்துக்கொண்டிருந்தால் என்றேன். அவர் சிரிக்காமல் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பட்டறையில் எனக்கு வைத்த பெயர் 'டவுட்டு'. பெரியண்ணன் என்ற என் சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும்தான் காதில் விழும். சைக்கிளைப் பூட்டிவிட்டு நாலடி நடந்ததும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

தின்னரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற சாமான்தான். பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். கையில் ஒரு சொட்டு விட்டால் ஐஸ் வைத்த மாதிரி சில்லென்று இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். அந்த இடத்தில் தோல் வெளுத்திருக்கும், ஏனென்றால் போகிறபோது தோலில் இருந்த எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது. இரும்புத் தகட்டில் கிரீஸ், மெழுகு, பழைய பெயிண்ட் என்று எது ஒட்டியிருந்தாலும் துணியில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் தகடு கண்ணாடி மாதிரி ஆகும். அப்படித் துடைத்த தகட்டில் அடித்த பெயிண்ட் பத்து வருஷமானாலும் உரியாது. எத்தனையோ வருஷம் அதோடு புழங்கிய பிறகும் அந்த முதல் இழுப்பைப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நல்ல வேலைக்காரன் அது.

டர்பெண்டைன் வேறு, தின்னர் வேறு. எனாமல் பெயிண்டில் கலக்குவது டர்பெண்டைன். அது நிதானமாகக் காயும். சீக்கிரம் காயட்டும் என்று எனாமலில் தின்னரை ஊற்றினால், அடியில் இருக்கும் பழைய பூச்சைக் கிளப்பிவிட்டு, மேலே எல்லாம் பாலாடை மாதிரி சுருங்கிப் போகும். தெர்மாகோல் கப்பில் ஊற்றினால் கப்பே இருக்காது. எங்கள் தெருவில் சரோஜா அக்கா புது பிரிட்ஜில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையை எடுக்க என் வீட்டிலிருந்து அரை டம்ளர் தின்னர் வாங்கிக்கொண்டு போனார். பசை போனது, கூடவே பிரிட்ஜின் வெள்ளையும் போனது. நான் பயந்தது அதற்கில்லை. அவர் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு நாலடி தள்ளிச் சாமி அறையில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தரையோடு தரையாக.

தின்னர் காய்கிறதென்றால் எங்கும் போய்விடுவதில்லை. ஆவியாகி அங்கேயேதான் நிற்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தரையோடு ஊர்ந்து போகும். கண்ணுக்குத் தெரியாது. எங்கேயாவது ஒரு விளக்கு, ஒரு அடுப்பு, ஒரு ஸ்விட்சின் பொறி கிடைத்தால் போதும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று சொல்வார்கள். ஜன்னல் மேலே இருக்கிறது, அது போவது கீழே. வாசல் கதவைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி எங்கள் தெருவில் எனக்குப் பைத்தியக்காரன் என்று பெயர். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் கொடுக்கவே மாட்டேன். வெயிலில் வந்து தாகத்தோடு எடுத்துக் குடிக்கிறவருக்கு அது தண்ணீரா தின்னரா என்று எப்படித் தெரியும்?

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் பிரஷ் கழுவினேன், மூன்று வருஷம் தகட்டுப் பள்ளத்தை அடைக்கும் பட்டி பூசி எமரித் தாளால் தேய்த்தேன், அப்புறம் ஸ்பிரே கன்னைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவர் எங்கள் பெயிண்டிங் மேஸ்திரி அங்கமுத்து.

அவருக்குச் சொந்த ஊர் பரமத்தி வேலூர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். முதலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். பட்டறையில் தகடு அடிக்கிற சத்தத்துக்கு எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், அவர் மட்டும் பக்கத்தில் நடந்து வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். தின்னர் டின் மூடியைத் திருகிய பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார், டின்னைச் சாய்த்துப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் அடுத்த வார்த்தை பேசுவார். வேலை முடிந்ததும் கையைத் தின்னரில் கழுவ யாரையும் விடமாட்டார். தேங்காய் எண்ணெய் தேய்த்து, பெயிண்ட் இளகியதும் சோப்புப் போடச் சொல்வார். தின்னர் வாசம் வரவில்லையே, பரவாயில்லைதானே என்று ஒருமுறை கேட்டேன்.

"மூக்கை நம்பாதீங்க சாமி. அது பத்து நிமிசத்துல வேலையை உட்டுட்டுப் போயிரும். நமக்குச் சொல்லிட்டும் போவாது."

அது உண்மை. தின்னர் இருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் வாசம் தெரியாமல் போகும். வாசம் குறைந்துவிட்டதாக நினைப்போம், குறைந்திருப்பது நம் மூக்குதான். அடுத்து வருவது தலை சுற்றல் என்று நினைக்காதீர்கள். பல பேருக்கு அதற்கு முன்னால் சந்தோஷம் வரும். காரணமில்லாமல் சிரிப்பார்கள், பாடுவார்கள். அதற்கப்புறம்தான் கால் துவளும்.

குடிதண்ணீர் டேங்கரின் உட்பக்கத்துக்கு, துருப்பிடிக்காமல் இருக்க, எபாக்ஸி என்ற பூச்சு உண்டு. பூசுவதற்கு முன் உள்ளே முழுக்கத் தின்னரால் துடைக்க வேண்டும். டேங்கின் மேலே ஒரு ஆள் நுழைகிற வாய் இருக்கும். உள்ளே, லாரி பிரேக் போடும்போது தண்ணீர் மோதாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அதில் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வாய்க்கு நேர் கீழே முன் அறை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் பின் அறை. பல்பு கொண்டுபோனால் பொறி பறக்கும் என்று மேஸ்திரி உள்ளே லைட் விடமாட்டார். மேலே ஒருவர் கண்ணாடியைப் பிடித்து, வெயிலைத் திருப்பி உள்ளே அடிப்பார். அதனால் அந்த வேலை நல்ல வெயிலில் மட்டும்தான். காற்றுக்குத் தார்ப்பாயைத் தைத்து நீளமாகக் குழாய் மாதிரி செய்து வைத்திருந்தார். ஷெட் வாசலில் பெரிய மின்விசிறி, அதிலிருந்து இந்தக் குழாய் டேங்குக்குள் போகும். உள்ளே போகிறவர் இடுப்பில் கயிறு. நைலான் சட்டை கூடாது, பருத்திதான்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பஸ். மேஸ்திரி டேங்கின் மேல் ஒரு மரஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே போகிறவர் சேலத்தில் பஸ் ஏறுகிறார் என்று கணக்கு. ஒவ்வொரு திட்டுத் தகட்டைத் துடைக்கும் நேரத்துக்கு ஒருமுறை மேஸ்திரி சுத்தியலின் மரப்பிடியால் டேங்கைத் தட்டி, "வண்டி எங்க நிக்குதுங்க?" என்பார். உள்ளே இருப்பவர் அடுத்த ஊரைச் சொல்ல வேண்டும். சீலநாயக்கன்பட்டி, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், புதன்சந்தை, நாமக்கல், வள்ளிபுரம், கீரம்பூர், பரமத்தி. ஊர் மாறிச் சொன்னாலோ, சொல்லாமல் விட்டாலோ கயிற்றை இழுத்துவிடுவோம். பரமத்தி தாண்டியதும் அவர் குரல் மாறாமல், "வேலூரு வந்துருச்சு, எறங்குங்க சாமி" என்பார். உள்ளே இருப்பவர் பாதித் துடைப்பு இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அடுத்தவர் சேலத்திலிருந்து ஏறுவார். ஆளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்பதும் தெரியும், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்பதும் தெரியும். கடிகாரம், மீட்டர் எதுவும் இல்லாத ஒரு மனிதர் யோசித்துக் கண்டுபிடித்தது இது. மற்ற பட்டறைகளில் ஆட்கள் மயங்கி விழுந்த கதைகளைக் கேட்போம். எங்களிடம் அத்தனை வருஷம் ஒருவர்கூட விழவில்லை.

கண்ணாடியும் கயிறும் பெரும்பாலும் என்னிடம்தான். சந்தேகப்பட்டு நான் நல்லாயிருந்த ஆட்களை இழுத்துப் போட்டதும் உண்டு. ஒருமுறை ஒருவர் தும்மியதற்கு இழுத்துவிட்டேன். "டவுட்டு கயித்தைப் புடிச்சா டேங்கு வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்று கேலி செய்வார்கள். மேஸ்திரி மட்டும் கேலி செய்ததில்லை.

என் தங்கை புருஷன் சின்ராசுவை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டது நான்தான். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் ஆள். டேங்குக்குள் வேகமாகவும் சுத்தமாகவும் துடைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சேலம் வேலூர் ஓட்டத்தை நூற்றுக்கணக்கான தடவை முடித்தவர்.

ஒரு பங்குனி மத்தியானம். அவர் பின் அறையில் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டி ஆண்டகளூர் கேட் தாண்டியபோது கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது, தார்ப்பாய்க் குழாய் தொய்ந்து விழுந்தது. ஆளை வெளியே வரச் சொல்லலாமா என்று நான் கேட்டேன். இன்னும் ஆறு ஊர்தான் பாக்கி, இப்போது நிறுத்தினால் துடைத்த தகட்டில் தூசி படியும், பதில் சரியாக வருகிற வரைக்கும் போகட்டும் என்றார் மேஸ்திரி. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எனக்கு எப்போதுமே எதுவும் சரியாகப் படாது, அதனால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதுச்சத்திரம் சரியாக வந்தது. புதன்சந்தை வந்தது. நாமக்கல்லும் வந்தது. வள்ளிபுரம் என்று சொன்னபோது சின்ராசுவின் குரல் உற்சாகமாக இருந்தது. அவர் எப்போதும் அப்படித்தான். ஆனாலும் எனக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. கண்ணாடி வெளிச்சத்தை ஓட்டை வழியாகத் திருப்பிப் பார்த்தேன். பின் அறைத் தகட்டில் வெளிச்சம் விழுந்தது, அந்த இடத்தில் ஆள் இல்லை. மேஸ்திரி தட்டினார். முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

"கீரம்பூருங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துணி தகட்டில் உரசுகிற சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது என்றும் தெரியவில்லை.

"மேஸ்திரி, துணிச் சத்தம் இல்லீங்க."

"பதில் சரியா வருதுங்களே சாமி" என்றார்.

நான் தப்பாக இருந்தால் இன்னொரு நாள் கேலி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, வாயில் தலையை விட்டுக் கத்தினேன். "மாப்ளே, மல்லூருக்கு முந்துன ஊரு எதுங்க?"

"பரமத்திங்க மச்சான்" என்று சிரித்தார். சீலநாயக்கன்பட்டி என்று வந்திருக்க வேண்டும். கேட்காமலே, "வேலூருங்க" என்றார். அப்புறம் மறுபடியும், "சீலநாயக்கம்பட்டிங்க, மல்லூருங்க" என்று ஓட ஆரம்பித்துவிட்டது. நாக்கு மட்டும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. ஆள் எப்போதோ இறங்கிவிட்டிருந்தார். பழகிப் பழகி அந்த ஊர்ப்பேர்களுக்கு அவர் புத்தி தேவைப்படவில்லை.

மேஸ்திரியின் முகம் எப்படி ஆனது என்று நான் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்தேன். தடுப்புத் தகட்டின் ஓட்டை விளிம்பில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கண்ணாடியைப் போட்டுவிட்டு உள்ளே குதிக்கக் காலைத் தூக்கினேன். என் இடுப்பு வேட்டியை மேஸ்திரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"நீங்களும் போனா ரண்டு பேரைத் தூக்கோணும். ஒருத்தரைத் தூக்கறக்கே வழி தெரியாம நிக்கறோம்."

அதே மெதுவான குரல்தான். கீழே நின்றவர்களிடம் இரண்டு வேலை சொன்னார். டேங்கின் பின்பக்கம் அடியில் தண்ணீர் திறந்துவிடும் வால்வை முழுக்கத் திறக்கச் சொன்னார். கனமான ஆவி தண்ணீர் மாதிரி அந்த வழியாக இறங்கிப் போகும். கரண்ட் இல்லாவிட்டாலும் கம்ப்ரஸர் உருளையில் மிச்சக் காற்று இருக்கும் அல்லவா, ஸ்பிரே கன்னைக் கழற்றிவிட்டு அந்த ஹோஸை மேலே நீட்டச் சொன்னார். ஹோஸை வாய்க்குள் விட்டுத் திறந்தோம். உருளை காலியாகிற வரைதான் அந்தக் காற்று. வால்வின் பக்கம் நின்றவர்களை விலகிப் போகச் சொல்லி, டீக்கடை அடுப்பை அணைக்க ஒரு ஆளை ஓடவிட்டார். இதெல்லாம் நான் எழுதுகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. எனக்குத் தங்கை முகம்தான் கண்ணில் நின்றது. அவளிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன், அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

காற்றுச் சத்தம் குறைய ஆரம்பித்தது. மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்தார். சுத்தியல் பிடியால் டேங்கைத் தட்டினார். ஒவ்வொரு நாளும் சொல்கிற அதே குரலில், அதே ராகத்தில் சொன்னார்.

"வேலூரு வந்துருச்சு, எறங்குங்க சாமி."

உள்ளே ஊர்ப்பேர் நின்றது. தகட்டில் முட்டி உரசும் சத்தம் கேட்டது. நான் கண்ணாடியை எடுத்து ஓட்டைக்கு வெளிச்சம் காட்டினேன். முதலில் ஒரு கை வந்தது, அப்புறம் தலை. கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் முட்டியும் கையும் வழக்கமாக வருகிற வழியில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தன. ஓட்டையைத் தாண்டியதும் கயிற்றின் சிக்கல் விடுபட்டது. நானும் இன்னொருவரும் சேர்ந்து இழுத்தோம். வெளியே வேப்பமரத்தடியில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "ஏனுங்க மச்சான், நாமக்கல்லு தாண்டிருச்சுங்களா?" என்றார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். இன்றைக்கு அவர் மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. தலைவலி மட்டும் ரொம்ப நாள் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மேஸ்திரி எல்லாரையும் ஷெட்டில் கூட்டினார். முதலாளியும் இருந்தார். கரண்ட் போனதும் ஆளை வெளியே எடுக்காதது தன் தப்பு என்றார். ஒரே கேள்வியை வருஷக்கணக்காகக் கேட்டது அதைவிடப் பெரிய தப்பு என்றார். பெரியண்ணன் கேட்ட கேள்வியைத் தான் கேட்டிருக்க வேண்டும் என்று என் சொந்தப் பெயரைச் சொன்னார். இனிமேல் விசிறி நின்றால் வேலை நிற்கும், பதிலும் துணிச் சத்தமும் இரண்டும் கேட்க வேண்டும், ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்கக் கூடாது என்றார். தன் முறையைத் தானே ஆட்கள் முன்னால் பிரித்துப் போட்ட ஒரு மேஸ்திரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த டேங்கின் பின் அறை இன்னும் பாதிதான் துடைத்திருந்தது. யாரும் அசையவில்லை. நியாயம்தான், யாருக்குத் தைரியம் வரும்? மேஸ்திரி சட்டைப் பையில் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்தார். பத்துப் பதினைந்து வருஷமாக அவர் உள்ளே இறங்கியதில்லை. கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"ஸ்டூல்ல நீங்க உக்காருங்க."

எனக்கு வேண்டாம் என்றேன். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன், எதற்கெடுத்தாலும் இழுத்துவிடுவேன் என்றேன்.

"அதுக்குத்தானுங்க உங்களை உக்காரச் சொல்றேன். நான் பயப்படறதை உட்டு ரொம்ப நாளாச்சு."

உட்கார்ந்தேன். அவர் இறங்கி, முன் அறையைத் தாண்டி, அந்த ஓட்டைக்குள் தவழ்ந்து போனார். விசிறி ஓடியது. துணி தகட்டில் ஓடுகிற சத்தம் சீராக வந்தது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஊர்ப்பேர் கேட்கக் கூடாது. டேங்கைத் தட்டினேன். "மேஸ்திரி, உங்க கொடிக்கால்ல கடைசியா என்னைக்குங்க தண்ணி கட்டுனீங்க?" என்று கேட்டேன்.

துணிச் சத்தம் நின்றது. பதிலும் வரவில்லை. கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிவிட்டேன்.

"இருங்க சாமி, யோசிச்சுச் சொல்றேன்" என்றார் உள்ளேயிருந்து.